மஞ்சட்கருவில் இறங்கும் பயம்

அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஹாஜரா ராத்தாவின் மரணத்தை அறிவித்தது. காய்ச்சலென்று மூன்று நாள்தான் படுத்திருந்தார். எட்டு மாத வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது.

அவரோடு பழகிய எல்லாருக்கும் தெரியும், ராத்தாவின் உலகமே முட்டைதான். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம், சாய்ந்தமருதில் அவர் வீட்டு வளவில் கோழிக்கூடு, இரண்டுக்கும் உதவியாளர் நான். தாய்க்கோழியின் உடலில் சுரக்கும் ஓமோன்கள் முட்டை உருவாகும்போதே மஞ்சட்கருவில் இறங்கிவிடும், பயத்தில் ஊறும் ஓமோனும் இறங்கும் என்று முதல் நாள் அவர் சொன்னபோது கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்துவிட்டேன். சுனாமிக்குப் பிறகு, கடல் கொஞ்சம் இரைந்தாலே அடையாள அட்டைப் பையோடு வாசலில் நிற்கும் ஆள் நான். அதற்கு முந்தைய வருடம்தான் என் முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போயிருந்தது.

ஒருமுறை, தொந்தரவே இல்லாமல் வளர்த்த கூட்டின் முட்டைகளில் பய ஓமோன் எக்கச்சக்கமாக இருந்தது. பாம்பா, மரநாயா என்று ராத்தா வளவெல்லாம் தேடினார். கடைசியில் ஒப்புக்கொண்டேன். கண்ணூறு படக்கூடாதென்று பள்ளிவாசல் லெப்பையிடம் நூல் ஓதி வாங்கி, ஒவ்வொரு கோழியாகத் துரத்திப் பிடித்து இறகுக்கடியில் கட்டியிருந்தேன். இரண்டு நாளைக்கொருமுறை பிடித்து முடிச்சையும் பார்த்தேன்.

ராத்தா சிரித்துச் சிரித்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அடி புள்ள, பயம் போக நூல் கட்டப் போய் உண்ட பயம் முழுக்கக் கோழிக்குக் குடுத்துட்டியே!" பல வாரத்து வேலை வீண். அறிக்கையில் 'எங்கள் தவறு' என்றுதான் எழுதினார்.

மறுபடி பிள்ளை உண்டானபோது வேலையை விடப் போனேன். "எண்ட பயம்தான் அந்தப் புள்ளயக் கொண்டுட்டுதா, ராத்தா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆரு சொன்ன? தாய்ட பயம் குஞ்சுக்குப் போற, அது ஓம். வெளிய ஆபத்து இரிக்கி, கவனமா வா எண்டு தாய் சொல்லி அனுப்புற சேதியாவும் அது இரிக்கலாம். புள்ள போனதுக்கு நீ காரணமில்ல. கோழிக்குக் கதைக்க ஏலா. உனக்கு ஏலும்தானே? புள்ளயோட கதை."

"வயித்துப் புள்ளக்காரி மையத்து வீட்டுக்குப் போகப்படா" என்று, அறிவிப்பைக் கேட்டுப் புறப்பட்ட என்னை உம்மா வழிமறித்தார். போனேன். என் பயம் போய்விடவில்லை. பிள்ளையோடு கதைக்கும் பழக்கத்தை ராத்தா தந்திருக்கிறார், அதை வைத்திருக்கிறேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"எனக்குப் பயமா இரிக்கி, தங்கம்" என்றேன், வயிற்றைத் தடவி. "உள்ளுக்குப் படுத்திரிக்கிறவ நமக்கு வேண்டியவ. வா, போய்ப் பாப்பம்."