பங்கஜவல்லியின் இடது கை

காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் பங்கஜவல்லி பியானோ டீச்சர். கோவில்பத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவாள். நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண்ணுக்குப் பியானோ எப்படி வந்தது என்று கேட்பார்கள். அதே பள்ளியில் படித்தபோது ஒரு பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரி அவள் விரல் நீளத்தைப் பார்த்துக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்படி வந்ததுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் சீர்காழிக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பஸ் ஜன்னலில் வலது முழங்கையை வைத்திருந்தாள். பூவம் பக்கம் எதிரே வந்த லாரி உரசிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் கையை வெட்டி எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். நரம்பு மட்டும் பிழைக்கவில்லை. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

ஆறு மாதம் பியானோ பக்கமே போகவில்லை. அப்புறம் தலைமையாசிரியை பாண்டிச்சேரியிலிருந்து ஒரு புத்தகம் தருவித்துக் கொடுத்தார். எல்லாம் இடது கைக்கென்றே எழுதிய இசை. சண்டையில் ஒரு கை போனவர்கள்கூட இதை மேடையில் வாசித்திருக்கிறார்கள் என்றார்.

கட்டைவிரல் மெட்டைச் சொல்லவேண்டும். மற்ற நாலு விரலும் கீழே கனத்த ஸ்வரங்களைத் தாங்கவேண்டும். கை தாவுகிறபோது ஒலி அறுந்துவிடாமல் காலால் பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும். ஒரு வருஷம் பிடித்தது. ஒருநாள் அவள் கண்ணை மூடி வாசித்தபோது, யாரோ வலப்பக்கம் வந்து உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பதுபோல இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆண்டு விழாவில் பள்ளி நிர்வாகி அவளுக்கு நேர்ந்ததையெல்லாம் மைக்கில் விவரமாகச் சொன்னார். அவள் வாசிக்கத் தொடங்குமுன்பே கைதட்டினார்கள். முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அந்த வலது கையை எடுத்துத் தடவி, "ஜில்லுன்னு கெடக்கே, பாவம்" என்றாள். என்ன வாசித்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வருஷாவருஷம் அதுவே வழக்கமாகிவிட்டது. வகுப்புக்கு வேறு டீச்சர் போட்டார்கள். பங்கஜவல்லி நிர்வாகியிடம் போய் நின்றாள்.

"புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க என்னால முடியுங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? லைப்ரரியப் பாத்துக்குங்க. விழாவுக்கு வாசிச்சா போதும்."

அவள் லைப்ரரிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

எண்பத்துமூன்றில் இடது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. ஒற்றைக் கையை இப்படி வருத்தினால் இதுவும் போய்விடும் என்றார் டாக்டர். ஆனால் விழா நோட்டீஸில் அவள் பெயரை அடித்தாகிவிட்டது. அவள் மேடையேறினாள். பாதியில் கட்டைவிரல் விறைத்துக்கொண்டது. மெட்டு நடுவில் அறுந்தது. அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்தது என்று நினைத்து சபை முழுக்க எழுந்து கைதட்டியது. அவளும் எழுந்து கும்பிட்டாள்.

வீட்டில் கணவர் அம்பலவாணன் கைக்கு ஒத்தடம் கொடுத்தார்.

"விட்டுடேன், வல்லி."

"விட்டா அங்க எனக்கு என்னங்க வேலை? லைப்ரரியே இதுக்காகத்தான் குடுத்திருக்காங்க."

அவர் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தார்.

அடுத்த வருஷமும் நோட்டீஸில் அவள் பெயர் இருந்தது. போனாள். போன வருஷம் விரல் விறைத்த அந்த இடம்வரைக்கும் வாசித்துவிட்டு, தானாகவே நிறுத்தினாள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மைக்கில் அவள் கையைப் பற்றி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.