வருத்தக்காரிக்கு வேலை இல்லை

எங்கள் வட்ஸ்அப் குழுவில் மூன்று பேர்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இருந்து படித்தவர்கள். நான் மருதமுனையில், ஒருத்தி சாய்ந்தமருதில், மற்றவள் கலியாணம் முடித்துக் கட்டாரில். வேலைக்கு நடுவே ஒரு சொல்லின் எழுத்துகளைக் குழப்பிப் போடுவோம். முதலில் கண்டுபிடிப்பவளுக்கு அன்று முழுக்க வாய் ஓயாது. பெரும்பாலும் அந்த வாய் சாய்ந்தமருதுக்காரியுடையதுதான்.

நானும் அவளும் வீட்டிலிருந்து ஒரே வேலையைச் செய்தோம். எங்கோ ஒரு நாட்டில் சட்டை வாங்கியவர்கள் கை நீளம் போதாது என்று கொதிப்பார்கள். நாங்கள் இங்கே இருந்து இங்கிலீசில் மன்னிப்பு எழுதுவோம். வேலையைப் பிரித்துத் தருபவர் நாங்கள் படித்த பள்ளியில் எங்களுக்கு மூத்தவரான ஒரு ராத்தா.

தன் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்பதைச் சாய்ந்தமருதுக்காரி எங்கள் இருவருக்கு மட்டும் சொன்னாள். மனசு கேட்காமல் அன்று நான் லேசான சொல்லாக ‘சுளகு’ என்பதைக் குழப்பிப் போட்டேன். வந்ததே கோபம்!

"மூணு எழுத்தாடி? எனக்குக் கிட்னியிலதான் வருத்தம், மூளையில இல்ல."

ராத்தாவிடம் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினாள். வீட்டில் அவள் உம்மா குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார். குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே ஓர் ஆள் நிற்கும். சட்டைக்காக ஏசுகிறவனுக்கு மட்டுமே அவள் வருத்தக்காரி இல்லை. "அவனுகள் நல்லா ஏசட்டும்டி, கேட்க நல்லாத்தான் இரிக்கி" என்பாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்து, தலையணையில் சாய்ந்தபடியே வேலையைத் தொடங்கிவிடுவாள்.

கட்டார்க்காரி நல்லவள். அந்த நல்ல மனசுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பழைய மாணவிகள் எல்லாரும் இருக்கும் பெரிய குழுவில் சாய்ந்தமருதுக்காரியின் பெயரையும் படத்தையும் போட்டு, அவள் சுகமாக வேண்டித் துஆ கேட்டுவிட்டாள். ஜும்ஆத் தொழுகை முடிவதற்குள் ஆமீன் மழையாகக் கொட்டியது. ராத்தாவும் ஓர் ஆமீன் போட்டார். பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தார்.

"நீ நல்லா ரெஸ்ட் எடு மகள். உன்ட வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டன். ஒண்டுக்கும் யோசிக்காத."

நான் ராத்தாவோடு சண்டைக்குப் போனேன். "வருத்தக்காரிட்ட வேல வாங்கின பாவம் எனக்கு வேணாம் புள்ள" என்று அவர் அழுதார். அழுகிறவரோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? கட்டார்க்காரியும் அழுதாள். அழுவதற்கு எல்லாரும் இருந்தார்கள், வேலையைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு நான் போட்ட சொற்களைச் சாய்ந்தமருதுக்காரி பார்த்தாள், பதில் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேன் என்கிறாள் என்று அவள் உம்மா சொன்னதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன வாழைப்பழமும் தோடம்பழமும் கட்டிலடியில் குவிந்து கிடந்தன. சிறுநீரகம் போனவளுக்கு இரண்டுமே ஆகாது.

"ஏன்டி போகல்ல?" என்றேன்.

"போய் வந்து என்ன செய்யிற?"

"என்ன கதை கதைக்கிறாய்? உசிரோட இருக்க வேணாமா?"

"நீங்க எல்லாரும் சேந்து என்ன இப்பவே மவுத்தாக்கிட்டீங்க. இனி நான் மட்டும் எதுக்கு மினக்கெடுற?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.