வெள்ளிக்கிழமைக் கருவாட்டு மணம்

கண்டியில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன்: "பூமிக்கடியில் நிலக்கரி மீதேனை விழுங்கிவிடுவதில்லை. நுண்துளைச் சுவர்களில் ஒட்டவைத்துப் பிடித்திருக்கும். அழுத்தம் குறைந்தாலோ சூடேறினாலோ விட்டுவிடும்."

வெள்ளிக்கிழமை காலை தணல் மூட்டிச் சாம்பிராணி போட்டேன். சாமியறை முழுக்கக் கருவாட்டு மணம். படியில் நின்று கீழ்வீட்டுப் பாத்திமா ராத்தாவிடம் கத்தினேன்.

"வெள்ளிக்கிழமையுமா கருவாடு பொரிக்கணும்?"

"நோன்பாச்சே சேர். விடியமுந்திச் சஹர் சாப்பாட்டுக்குப் பொறகு அடுப்பே மூட்டல்ல."

நான் நம்பவில்லை. கதவை அடித்துச் சாத்தினேன்.

மனைவி தணலைப் பார்த்தாள். "இது பிரிஜ்ஜுல கருவாட்டு மணத்தை இழுக்க வச்ச சிரட்டைக் கரியில்ல? இதையா எடுத்தீங்க?"

பிடித்து வைத்திருந்ததைக் கரி சூட்டில் விட்டிருந்தது. வெட்கத்தில் நான் கீழே இறங்கவேயில்லை.

நோன்பு திறக்கும் நேரம் ராத்தாவே கஞ்சிக் கோப்பையோடு மேலே வந்தார். "இறைச்சி போடல்ல சேர். ஒங்களுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிதானே, தனியாக் காச்சினேன்."

வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

கரியில் ஒட்டியிருந்தது கருவாட்டு மணம். இத்தனை வருடம் அவரோடு சிரித்துப் பேசிய எனக்குள் ஒட்டியிருந்தது என்ன?