திருத்தணியில் சாமி இல்லாத அறையும் முடிக் கொட்டகையும்

எனக்கு எழுதத் தெரியாது, போனில் பேசினால் எழுத்தாக வருது. நான் திருத்தணிக்குப் போறது முருகனுக்காக இல்ல. மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறையில், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் புத்தர் சொன்னதைப் பேசிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காருவோம். சாமி கிடையாது, மறுபிறவி கிடையாது, புத்தர் படத்துக்குக் கற்பூரமும் கிடையாது.

போன ஞாயிறு என் சம்சாரமும் கூட வந்தா. அம்மையார்குப்பத்தில் 7.40 டவுன் பஸ். எனக்கு இருபது ரூபா, பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. மூணு வருஷம் முன்னே எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனப்போ, நான் பிழைச்சா என் முடியை முருகனுக்குத் தர்றதா வேண்டிக்கினா. சாமி இல்லன்னு நான் தரல. இப்போ வியாழக்கிழமை அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். சொன்ன சொல் அப்படியே நிக்குதேன்னு ராத்திரியெல்லாம் அவளுக்குப் பயம்.

இறங்கினதும், "நீ போய் கண்ணை மூடுய்யா. நான் மலைக்குப் போறேன்"ன்னா.

அறையில் ஏழு பேர். கண்ணை மூடினா கால் நிக்கல. அறுபது வருஷம் நெசவுத் தறிக்குழியில் மிதிச்ச கால், மனசு கலங்கினா தானா மிதிக்கும். தரை அதிருதுன்னார் பக்கத்து ஆள். பாதியில் எழுந்து, அறையை நடத்துற தங்கராசைக் கேட்டேன்.

"மொட்டை போட்டா நான் பொய்யனா?"

"இங்க சட்டமா வெச்சிருக்கோம், நைனா? யாருக்கு வலி குறையும்னு பாரு."

"இதை மூணு வருஷம் முன்னே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டாத்தானே."

மலைக்கு ஆட்டோ நூத்தம்பது கேட்டான், நூத்தி இருபதுக்கு வந்தான். முடிக் கொட்டகையில் தலையை நனைச்சிகினு, மொட்டைச் சீட்டோட அவ வரிசையில் மூணாவதா நின்னா.

"என் முடிக்குத்தானே வேண்டினே?"

"நீ தரல. என்னுதைத் தர்றேன்."

"சீட்டைக் குடு."

"நம்பாதவன் முடி முருகனுக்கு எதுக்கு?"

"முருகனைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

ஈரத் தலையை முந்தானையில் துடைச்சா. "புது பிளேடு போடச் சொல்லு"ன்னு சீட்டை நீட்டினா. அவ இடத்தில் நான் மொட்டை போட்டுக்கினேன்.

போறவங்களுக்கு: மொட்டைக்குக் கட்டணம் இல்ல. படி 365, முட்டி வலி இருந்தா ஆட்டோவில் போங்க. எங்க அறைக்கு வந்தா பூ, பழம் வேணாம்.

எனக்கு இப்பவும் சாமி இல்ல. செஞ்சது சரியான்னும் தெரியல. திரும்பற பஸ்ஸில், "பயம் போச்சா?"ன்னேன்.

"பாதி போச்சு"ன்னா.

மீதிப் பாதிக்கு யார்கிட்ட வேண்டிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. ஊர் வர்ற வரைக்கும் அவ கையைப் புடிச்சிகினு உட்கார்ந்திருந்தேன்.