மாற்றிக் கட்டிய மணிக்கூடு

எதையும் சந்தேகப்படுகிறவன் நான். சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவனுக்கு அது தேவையான குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சமாதானம் என்று பேர் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பழைய இறங்குதுறை ஒன்றின் தூண்களில் தண்ணீருக்கடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, வெடிப்புப் பார்க்கும் வேலை இரண்டு பேருக்குக் கிடைத்தது. லிங்கநகரில் இருந்து நான், கந்தளாயில் இருந்து அவர். ஒப்பந்தக்காரர் சுழியோடும்போது கையில் கட்டும் மணிக்கூடு ஆளுக்கொன்று தந்தார். ஆழத்தோடு, முதுகுச் சிலிண்டரில் மீதியிருக்கும் காற்றையும் அது காட்டும். சிலிண்டர் வாயில் பூட்டிய சின்னக் கருவி ஒன்று வயரில்லாமல் அந்த எண்ணை அனுப்பும். இருநூறில் தொடங்கும், ஐம்பதில் மேலே வந்துவிட வேண்டும். ஒவ்வொரு மணிக்கூடும் தன் கருவியின் எண்ணை மட்டும்தான் காட்டும், அதுவும் கிட்ட நின்றால். சிலவேளை எண் மறைந்து கோடுகள் வரும். சற்றில் சரியாகிவிடும் என்று பழகியிருந்தோம். வேறு மீட்டர் கிடையாது.

அவர் தினமும் எனக்கு இருபது நிமிடம் முந்தி ஏறிவிடுவார். நான் தலையை நீட்டும்போது கடற்படைப் படகு பக்கத்தில் நிற்கும். இவர் சிங்களத்தில் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார். எனக்குச் சிங்களம் தெரியாது. என்ன கதை என்று கேட்டால், "சும்மா அண்ணை" என்பார். ஏன் ஏறினீர் என்றால், "காத்து முடிஞ்சுது" என்பார். ஒரே அளவுச் சிலிண்டர், ஒரே ஆழம், இவருக்கு மட்டும் எப்படி முடியும்? என்னைப் பற்றி ஏதோ சொல்லிக்கொடுக்கிறார் என்று மனம் அடித்துச் சொன்னது. அந்த நாட்களில் ஒருவன் காணாமல் போக அரைச்சொல் போதும்.

இரண்டு மணிக்கூடும் ஒரே வடிவம். அடையாளத்துக்கு அவர் தன்னுடையதன் பட்டியில் நீல நூல் சுற்றியிருந்தார். ஒரு காலை அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் அந்த நூலை அவிழ்த்து என்னுடையதில் சுற்றி வைத்துவிட்டு, அவர் காற்று உண்மையிலேயே முடிகிறதா என்று பார்க்க அவருடையதை நான் கட்டிக்கொண்டேன். சிலிண்டர் இரண்டும் நிறைந்திருந்ததால் மேலே வித்தியாசம் தெரியவில்லை.

கீழே கலங்கல் தண்ணீர். தோளோடு தோள் நின்று சுரண்டினோம். என் கையில் அவருடைய காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நூற்றெழுபது, நூற்றிருபது, தொண்ணூறு. மனுசன் பொய் சொல்லவில்லை. பயத்தில் மூச்சை வாரி வாரி இழுக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது: அவர் கையில் தெரிவது என்னுடைய காற்று. அவரைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்த நான் இதை யோசிக்கவே இல்லை.

அறுபது வந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவர் அடுத்த தூணுக்கு நகர்ந்துவிட்டார். என் கையில் வெறும் கோடுகள். தடவித் தடவித் தேடினேன். அப்படி ஒருநாளும் நான் பயந்ததில்லை. அவருடைய கால் துடுப்பு என் கையில் பட்டு, நான் பக்கத்தில் போனபோது எண் திரும்பி வந்தது. பதினைந்து. பெருவிரலை உயர்த்தி, ஏறுவோம் என்றேன். அவர் மணிக்கூட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, நூற்றிருபது இருக்கிறதே என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் சுரண்டத் தொடங்கினார். இறுக்கிப் பிடித்து இழுத்தேன். பாதி வழியில் காற்று நின்று அவர் கண்கள் விரிந்தன. என்னிடமிருந்த மேலதிக வாய்க்குழாயை அவர் வாயில் திணித்து மேலே கொண்டுவந்தேன்.

"நூற்றிருவது எண்டு காட்டினது அண்ணை! நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"நீர் மூச்சு விட்ட விதத்தில விளங்கினது" என்று புளுகினேன்.

கடற்படைப் படகு கிட்ட வந்தது. இவர் இருமலுக்கிடையில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்குப் பழைய புத்தி போகவில்லை. "என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் உங்களைப் பற்றித்தான் கேக்கிறவங்கள், கீழ நிக்கிறது ஆர், நம்பலாமோ எண்டு. என்ர சொந்த அண்ணன், நான் பொறுப்பு எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இண்டைக்கு என்ர உயிரையும் காப்பாத்தினவர் எண்டு சொன்னனான்."

அன்றைக்கே, அவர் காணாத நேரம், நீல நூலைத் திரும்ப அவருடைய மணிக்கூட்டிலேயே சுற்றி வைத்தேன். அந்த வேலை முடியும்வரை, கீழே அவர் தன் மணிக்கூட்டைப் பார்த்ததே இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் மேலே ஏறினார்.