செலினா தேர்ந்தெடுத்த ஒன்பது

செலினா வீட்டுச் சுவர் அலமாரியைத்தான் ரோமெக் விளையாட்டுப் பெட்டியாக மாற்றினார். அவர் அவளுடைய அக்காவின் கணவர். கையில் ரம்பம் இருந்தால் சும்மா இருக்கமாட்டார். கண்ணாடிக் கதவு இருந்த இடத்தில் பழைய டிவி, இழுப்பறை இருந்த இடத்தில் கைப்பிடிகளும் பொத்தான்களும். உள்ளே ஒரு சின்னக் கணினி. அதில் நாலாயிரம் பழைய வீடியோ விளையாட்டுகள்.

தீயணைப்பு நிலையத்தில் கோடை விழா. படைத் தலைவர் போகுஷ் பெட்டிக்குக் கூடத்தில் ஒரு மூலை ஒதுக்கினார். நிபந்தனையோடுதான்.

"சனி, ஞாயிறு பாப்பேன். ஜனங்க வந்து நின்னா பெட்டி வருஷம் முழுக்க இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா திங்கக்கிழமை உங்க நிலவறைக்குத் தூக்கிட்டுப் போயிரணும்."

சனிக்கிழமை ஜனங்கள் வந்தார்கள், நிற்கவில்லை. பட்டியலை உருட்டினார்கள், உருட்டிக்கொண்டே இருந்தார்கள். எதையோ தொட்டு அரை நிமிடம் ஆடி, அடுத்ததற்குத் தாவி, சலித்துப்போய்ச் சுட்ட சாசேஜ் பக்கம் நகர்ந்தார்கள்.

செலினா தட்டுக் கழுவியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது அவளுக்குப் பழகிய வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றபின், ஏழு கோடைகள், ஏரிக்கரையில் வந்து நிற்கும் விளையாட்டு வண்டியில் டோக்கன் கொடுத்தாள். தகர வண்டிக்குள் ஒன்பது இயந்திரங்கள், விளையாட்டுகள் கோடைக்குக் கோடை மாறும். எல்லோருடைய கைகளையும் பார்த்தாள், ஒருமுறைகூட ஆடியதில்லை. பையன்கள் சிரிப்பார்கள் என்ற பயம்.

"மாமா, ஒம்பது போதும்," என்றாள் அன்று சாயங்காலம்.

"ஒம்பதா? நாலாயிரத்தச் சேக்க எனக்கு ஒரு குளிர்காலமே போச்சு! நீ டோக்கன் குடுத்தவதானே, ஒருநாளாவது கைப்பிடியத் தொட்டிருக்கியா?"

"தொட்டதில்ல. எதுக்கு முன்னாடி வரிசை நின்னுச்சுன்னு தெரியும்."

"நாளைக்குச் சொதப்புச்சுன்னா பழி உன்மேலதான்."

"வச்சுக்கங்க. அலமாரியும் என்னோடதுதானே."

காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். படம் அழகாக இருந்தும் இரண்டாவது டோக்கனுக்கு யாரும் திரும்பி வராத கோட்டை விளையாட்டை விட்டாள். தபால்காரர் மகன் மட்டும் ஒரு மணி நேரம் ஆட, மற்றவர்கள் கொட்டாவி விட்ட விளையாட்டையும் சேர்க்கவில்லை. இரண்டே நிமிடத்தில் ஆளைக் கொன்றுவிடும் தவளை விளையாட்டைச் சேர்த்தாள், வரிசை நகருமே. திரையில் வரும் ஆங்கிலப் பெயர்கள் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வண்டியில் வழங்கிய பெயர்களையே ஒட்டினாள்: தவளை, குடிகார விமானி, மேலிருந்து பூந்தொட்டி வீசும் மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவர்களில் ஒருவன் கத்தினான்: "டேய், மாமியார் இருக்காடா இங்க!"

"மெதுவாப் பேசு. உன் மாமியார் பின்னாடிதான் கேக் வெட்டுறாங்க," என்றான் கூட வந்தவன்.

பத்துப் பேர் நின்றார்கள். பிறகு போகுஷ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். வண்டிக் காலத்தில் குடிகார விமானியை அவரளவுக்கு ஆடியவர் கிடையாது. ஒரு நிமிடம் ஆடினார். கையை எடுத்தார்.

"இது இல்ல. நம்ம விமானி இல்ல இவன். பால் குடிச்சிட்டு வந்தவன் மாதிரிப் பறக்குறான்."

கூட்டம் சிரித்தது. வரிசையிலிருந்து இரண்டு பேர் கழன்றார்கள்.

"தலைவரே, இதுதான் அசல்!" ரோமெக் பதறினார். "ஒரே பேர்ல மூணு இருந்துச்சு. போலி ரெண்டையும் விட்டுட்டு நல்லதா வச்சேன்."

செலினா கையைத் துடைத்தாள். காது சிவந்தது. எல்லோரும் பார்க்க, பெட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"வண்டியில இருந்தது அசல் இல்ல, தலைவரே. மொதலாளி சல்லிசா வாங்கின போலி. அதுல விமானம் பச்சை, செவப்பு இல்ல. வேகமும் ஒண்ணரை மடங்கு."

பெரிய பட்டியலைத் திறந்து, மூன்றிலும் தேடிப் பச்சையைப் பிடித்தாள். போகுஷ் கைப்பிடியைப் பற்றினார். விமானம் தலைதெறிக்கக் கிளம்பி, ஆடி, சுழன்று, இருபதாவது நொடியில் மலையில் மோதியது.

"இவன்தான்! இவன்தான்யா அந்தக் களவாணி!"

"செத்துட்டீங்க தலைவரே."

"தெரியுது! கடைசில போய் நிக்கிறேன், எனக்கு இடம் பிடிங்க!"

வரிசை தீயணைப்பு வண்டி வரை நீண்டது. செலினாவும் நின்றாள். முதல்முறை பத்து நொடியில் மோதினாள். யாரோ சிரித்தார்கள், அவளுக்கும் சிரிப்பு வந்தது. போய்க் கடைசியில் நின்றாள். நாலாவது முறை, ஏழு கோடைகள் கண் பார்த்து வைத்திருந்ததைக் கை கேட்டது. மூன்றாவது மேகம் தாண்டியதும் இடதுபக்கம் கவிழ வேண்டும், கவிழ்ந்தாள். பதினோரு நிமிடம். பின்னாலிருந்தவர்கள் புள்ளிகளை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். போகுஷ் அதற்குள் எடுத்திருந்த புள்ளிகளைத் தாண்டியபோது கூடமே அலறியது. திரையில் வந்த சாதனைப் பட்டியலின் முதல் வரியில் தன் பெயரின் மூன்று எழுத்துகளைப் பதித்தாள்.

"ஆனா கரண்ட் போனா பேரு அழிஞ்சிரும். போலிதானே," என்றாள்.

திங்கட்கிழமை பெட்டி அங்கேயே இருந்தது. பிளக்கின் மேல் போகுஷ் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு: இதைப் பிடுங்குபவர் ஒரு மாதம் தீயணைப்பு வண்டி கழுவ வேண்டும். படைவீரர்கள் அதே இடத்தில் செருகிவந்த காபி கெட்டிலைப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள்.