வேறு காரின் சென்சரோடு ஓடும் என் வான்

என் வான் ஸ்டார்ட் ஆகிவிட்டது! நான்கு நாளாக அசையாமல் கிடந்த வான்!

பழுதானது கேம் சென்சர், எஞ்சினுக்குள் சுற்றும் பற்சில்லைக் கவனிக்கும் விரலளவு சாமான். திருகோணமலையில் எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமையாகுமாம். நாளை காலையோ, இரத்தச் சுத்திகரிப்புக்குச் சம்பூரிலிருந்து ஐந்து பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவர வேண்டும்.

அன்புவழிபுரத்தில் கராஜ் வைத்திருக்கும் தவம் அக்கா, கழித்துப் போட்ட வேறொரு காரிலிருந்து ஒரு சென்சரைக் கழற்றினார்.

"இது நீளம் கூட அக்கா, உள்ளுக்க முட்டாதோ?"

"ஓம், முட்டும். அதுக்குத்தான் இது" என்று அலுமினியத் தகட்டில் வளையம் வெட்டி அடியில் வைத்தார். பழைய சென்சரின் பிளக்கை வெட்டி இதன் வயரோடு இணைத்தார்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"பொறுங்கோ தம்பி. இடைவெளி கூடிப்போச்சு. உள்ளுக்க சுத்துற சில்லின்ர பல்லை சென்சரால பிடிக்க ஏலாமக் கிடக்கு." வளையத்தை அரத்தால் தேய்த்து மெல்லியதாக்கினார்.

மறுபடி திருப்பினேன். பிடித்துக்கொண்டது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். உடனே சம்பூருக்குக் கோல் எடுத்து, "நாளைக்கு வாறன்!" என்றேன்.

ஒரு சந்தேகம் மட்டும். அடுத்த முறை இந்தச் சென்சர் பழுதானால், கடையில் எந்த வாகனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது?